நான்காண்டும் ஐந்தாண்டும்: மதுரை வட்டாரத்தில் செவிலியர் பட்டயமும் பட்டமும்

மதுரை நகரின் வடகிழக்கில் மேலூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ள மாட்டுத்தாவணி, தன் பழைய தொழிலைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிற்றையும், அவ்வாறு பிணைத்து விற்கும் சந்தையையும் 'தாவணி' என்னும் சொல் குறிக்கும். 1999இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் அங்கே வந்தபின், மாட்டுச் சந்தையாக அறியப்பட்ட அந்த இடம் தென்மாவட்டங்களிலிருந்து மதுரைக்கு வருவோர் இறங்கும் வாசலாயிற்று. அவ்வாறு இறங்குவோரில் கணிசமானோர் மருத்துவத்துக்காக வருபவர்கள். அவர்களுடனேயே, அந்த மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரும், செவிலியம் பயிலும் மாணவியரும் வருகின்றனர். மேலூர்ச் சாலையில் மீனாட்சி மிஷன் மருத்துவமனை, பனகல் சாலையில் அரசு இராஜாஜி மருத்துவமனை, கிழக்கு வெளி வீதியில் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை, பசுமலையில் சி.எஸ்.ஐ. ஜெயராஜ் அன்னபாக்கியம் செவிலியர் கல்லூரி என நகரைச் சுற்றிப் பரவியுள்ள நிறுவனங்கள், மதுரையைத் தென் தமிழகத்தின் செவிலியக் கல்வி மையங்களுள் ஒன்றாக ஆக்கியுள்ளன. இந்நிறுவனங்களில் பணிபுரியும் செவிலியருள் சிலர் பட்டயம் பெற்றவர்கள், சிலர் பட்டம் பெற்றவர்கள். முதல் வகையினர் இரண்டாம் வகைக்கு ஏறிச் செல்லும் வழி எப்போது, யாருக்காக, எந்த விலையில் திறக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'செவிலி' என்னும் சொல் சங்க அக இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் தாயையும் தோழியின் தாயையும் குறித்தது. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவமனைப் பணியாளருக்கு அச்சொல் பெயராக அமைந்தபோது, வளர்ப்புத் தாயின் பரிவு அதனோடு சேர்ந்து வந்ததேயன்றி, கற்றுத் தேர்ந்த தொழில் என்ற பொருள் உடன் வரவில்லை. மக்கள் வழக்கில் 'நர்சம்மா' என்றும் 'சிஸ்டர்' என்றும் அழைக்கப்படும் இவர்களின் கல்வி இன்று மூன்று படிகளில் அமைந்துள்ளது. முதலாவது, துணைச் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளருக்கான ஈராண்டுப் படிப்பு, ஏ.என்.எம். எனச் சுருக்கமாக அறியப்படும் இதைப் படித்தவர்களே கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியமர்கின்றனர். இரண்டாவது, பொதுச் செவிலியம் மற்றும் பேறுகால உதவிக்கான பட்டயம், ஜி.என்.எம். என்று வழங்கும் இதன் கால அளவு பாடத்திட்டத்துக்கேற்ப மூன்றாண்டாகவும் மூன்றரை ஆண்டாகவும் மாறி வந்துள்ளது. மூன்றாவது, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டம். பட்டயம் முடித்துப் பதிவு பெற்றவர்கள் பட்டம் பெறுவதற்கென்று உள்ள ஈராண்டுப் படிப்பு 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.' எனப்படும், அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்தைய பட்டம் என்பது அதன் பொருள். பள்ளியிலிருந்து நேரே கல்லூரிக்குச் செல்பவர் நான்காண்டில் அடையும் பட்டத்தைப் பட்டயத்தின் வழியே செல்பவர் குறைந்தது ஐந்தாண்டில்தான் அடைகிறார் என்னும் எளிய கணக்கு, இந்தப் படிகளின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

தமிழகத்தில் செவிலியப் பயிற்சி பேறுகால உதவியில் தொடங்கியது. ஊர்களில் பிரசவம் பார்க்கும் வேலை மருத்துவச்சிகளிடம் இருந்தது. சாதியடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அத்தொழிலில் திறமைக்குக் குறைவில்லை, மதிப்புக்குத்தான் குறைவு இருந்தது. 1854இல் சென்னையில் பேறுகால உதவியாளருக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதனை அடுத்து 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியருடன் ஆறுமாதப் பயிற்சி தொடங்கியது. இந்தியச் செவிலிய வரலாற்று நூல்கள் இதனையே நாட்டின் முதல் செவிலியர் பள்ளியாகக் குறிக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர் கற்பித்தனர். ஆங்கிலம் அறிந்த ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களுமே பெரும்பாலும் கற்றனர். அந்நியரின் உடலைத் தொடுதல், இரவுப் பணி, வீட்டை விட்டு விடுதியில் தங்குதல் ஆகிய மூன்றும் அக்காலத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வாதவையாக இருந்தமையால், இத்தொழிலுக்கு வந்த பெண்கள் நெடுங்காலம் ஒரு குறுகிய வட்டத்திலிருந்தே வந்தனர்.

மதுரையில் இந்த வட்டத்தை உருவாக்கியது அமெரிக்க மதுரை மிஷன். 1834இல் மதுரைக்கு வந்த அம்மிஷன் பள்ளிகளோடு மருத்துவத்தையும் தன் பணியாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் பிராங்க் வான் ஆலன் ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனையை எழுப்பினார். பெண்களுக்கான மருத்துவமனையில் மருத்துவர் ஹேரியட் பார்க்கர் நெடுங்காலம் பணியாற்றினார். பெண் மருத்துவர் நடத்தும் மருத்துவமனைக்குப் பெண் உதவியாளர் தேவைப்பட்டனர் என்பதால், மிஷன் பள்ளிகளில் எழுத்தறிந்த பெண்களுக்கு மருத்துவமனையே அடுத்த வகுப்பறையாக அமைந்தது. இம்மரபே பின்னர் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையாகத் தொடர்ந்தது. அரசுத் தரப்பில், ஆளுநர் எர்ஸ்கின் பிரபுவின் பெயர் தாங்கிய எர்ஸ்கின் மருத்துவமனை 1940இல் உருவாயிற்று. இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை அதுவே. இரு தரப்பிலும் பயிற்சியின் இயல்பு ஒன்றாகவே இருந்தது. மாணவி மருத்துவமனையில் தங்கி, உதவித்தொகை பெற்று, வார்டில் முழு நேரமும் உழைத்துக்கொண்டே கற்றார். மருத்துவமனைக்கு அவர் குறைந்த செலவில் கிடைத்த பணியாளர். பல்கலைக்கழகத்துக்கு அவர் மாணவியே அல்லர். பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் இடையே பின்னர் தோன்றிய இடைவெளியின் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் சட்டத்தை இயற்றி, பதிவு மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை அரசு அதிகாரத்துடன் பிரித்துக்காட்டிய முதல் ஏற்பாடு இதுவாதலால், தொழிலின் மதிப்பு உயர்ந்தது. ஆயினும் பதிவு என்பது பணிபுரியும் உரிமையை மட்டுமே தந்தது. பதிவு பெற்ற செவிலியர் மேலும் கற்க விரும்பினால் செல்வதற்கு மாகாணத்துக்குள் எந்தக் கல்லூரியும் இல்லை.

செவிலியத்தில் பட்டக் கல்விக்கான வாசல் 1946இல் திறந்தது. 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1909 முதல் செவிலியப் பயிற்சியையும் தன்னுள் கொண்டிருந்தது. 1946இல் அங்கே செவிலியர் கல்லூரி உருவாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப் படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் செவிலியர் கல்லூரி தோன்றியது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் மகப்பேறு மருத்துவரான ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அதே 1946இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 6,000 பேருக்கு ஒரு மருத்துவர் இருக்க, 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டியது. மருத்துவரைவிடச் செவிலியர் அரிதாயிருந்த நாட்டில், எண்ணிக்கையை விரைவாகப் பெருக்குவதா, கல்வித் தரத்தை உயர்த்துவதா என்ற கேள்வி எழுந்தது. அரசின் விடை இரண்டையும் தனித்தனியே செய்வது என்பதாயிற்று: பெருந்தொகையினருக்குப் பட்டயம், சிறுபான்மையினருக்குப் பட்டம்.

1947இல் இயற்றப்பட்ட இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்கும் அதிகாரத்தை ஒரு மன்றத்திடம் ஒப்படைத்தது. 1959 முதல் 1961 வரை பணியாற்றிய மத்திய சுகாதாரக் குழுவுக்கு லட்சுமணசுவாமி முதலியாரே தலைவர். அக்குழு அடிப்படைச் செவிலியர், துணைச் செவிலியர், பட்டதாரிச் செவிலியர் என மூன்று தரங்களைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு தரத்துக்கும் நுழைவுத் தகுதியும் கால அளவும் தெளிவாக வகுக்கப்பட்டன. ஒரு தரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏறும் வழிக்கு அதே அளவு கவனம் கிட்டவில்லை. தரங்கள் படிகளாக அமையாமல் தனித்தனித் தளங்களாக அமைந்தன.

முதல் படிக்கட்டு அண்டை மாநிலத்தில் வந்தது. 1963இல் திருவனந்தபுரத்தில், பட்டயம் பெற்றுப் பணியிலிருந்த செவிலியருக்கென ஈராண்டுப் பட்டப் படிப்பு தொடங்கப்பட்டது. சான்றிதழுக்குப் பிந்தைய பட்டம் என்று அப்போது பெயர் பெற்ற அதுவே இன்றைய போஸ்ட் பேசிக் படிப்பின் முன்னோடி. இதன் உடனடித் தேவை செவிலியரின் முன்னேற்றத்தைவிடப் பள்ளிகளின் நிலையிலிருந்தே எழுந்தது. புதிதாகத் தோன்றிய செவிலியர் பள்ளிகளில் கற்பிக்கவும், வார்டுகளை மேற்பார்வையிடவும் பட்டதாரிகள் வேண்டியிருந்தனர். பள்ளி மாணவியரை நான்காண்டு பயிற்றுவித்துக் காத்திருப்பதைவிட, அனுபவம் மிக்க பட்டயச் செவிலியரை ஈராண்டில் பட்டதாரியாக்குவது விரைவான வழியாகத் தோன்றியது. ஆகவே இப்படிக்கட்டு ஒரு தற்காலிகப் பாலமாகவே எண்ணப்பட்டது.

மதுரையில் 1954இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் எர்ஸ்கின் மருத்துவமனை போதனா மருத்துவமனையாயிற்று. மருத்துவ மாணவரும் செவிலிய மாணவியரும் ஒரே வார்டில் கற்கும் நிலை ஏற்பட்டது. ஒருவருக்குப் பல்கலைக்கழகப் பட்டமும் மற்றவருக்கு மன்றத்தின் பட்டயமும் என்ற வேறுபாடு அங்கே நாள்தோறும் கண்ணெதிரே நின்றது. காலப்போக்கில் மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த செவிலியர் கல்லூரி உருவாகி, சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியோடு சேர்ந்து, அரசுத் துறையில் போஸ்ட் பேசிக் படிப்பு நடக்கும் இடமாயிற்று. தென்மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் பட்டயத்துடன் பணியாற்றிய செவிலியருக்கு, சென்னைக்குச் செல்லாமலே பட்டம் பெறும் வாய்ப்பை இக்கல்லூரி அளித்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் குடும்பமும் குழந்தைகளும் உள்ள ஒரு பெண்ணுக்கு, வார இறுதியில் வீடு திரும்பக்கூடிய தூரம் என்பது கல்வித் தகுதிக்கு நிகரான தகுதியாகவே இருந்துள்ளது.

இப்படிக்கட்டின் வரலாற்றில் முதன்மையான ஆவணம் 1980களின் இறுதியில் உருவானது. செவிலியர் மற்றும் செவிலியத் தொழில் குறித்து 1987இல் மத்திய அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்கு, சென்னையைச் சேர்ந்த சமூகப் பணியாளரும் முன்னாள் முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் மகளுமான சரோஜினி வரதப்பன் தலைமை வகித்தார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகள் அனைத்தையும் படிப்படியாகப் பட்டக் கல்லூரிகளாக உயர்த்த வேண்டும் என்றும், எதிர்காலத்தில் பட்டம் பெற்ற தொழில்முறைச் செவிலியர், துணைச் செவிலியர் என இரு நிலைகள் மட்டும் போதும் என்றும் அக்குழு கருதியது. அதுவரை பட்டயம் பெற்றுவிட்டவர்கள் உயர்கல்வியைத் தொடர வாய்ப்பளிக்கும் பொருட்டு, சான்றிதழுக்குப் பிந்தைய பட்டப் படிப்பு நீடிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இப்பரிந்துரையின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. பட்டயம் மெல்ல மறையும், மறையும்வரை பாலம் இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. நடந்ததோ வேறு, 1990களுக்குப் பின் தனியார் செவிலியர் பள்ளிகள் பெருகியதால் பட்டயம் பெறுவோர் கூடினரேயன்றிக் குறையவில்லை, தற்காலிகமாகக் கட்டப்பட்ட பாலம் நிரந்தரச் சாலையாயிற்று.

அதே காலத்தில் இரு நிறுவனங்கள் இச்சாலையை அகலப்படுத்தின. 1988இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், மாநிலத்தின் செவிலியர் கல்லூரிகளை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொண்டுவந்து, பட்டத்துக்கு ஒரே பாடத்திட்டமும் தேர்வும் வகுத்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1990களில், பணியிலிருக்கும் செவிலியருக்கெனத் தொலைநிலையில் மூன்றாண்டு போஸ்ட் பேசிக் படிப்பைத் தொடங்கியது. மேல்நிலைக் கல்வியுடன் பட்டயம் பெற்றவருக்கு ஈராண்டுப் பணி அனுபவமும், பத்தாம் வகுப்புடன் பட்டயம் பெற்றவருக்கு ஐந்தாண்டுப் பணி அனுபவமும் அதற்குத் தகுதியாக வைக்கப்பட்டன. மேல்நிலைக் கல்வி பரவலாவதற்கு முன்பே பட்டயம் பெற்று வார்டுகளில் மூத்துப்போன செவிலியருக்கு, அவர்களின் அனுபவத்தையே கல்வித் தகுதியாக ஏற்ற விதி என்ற வகையில் இது முக்கியமானது. வேலையையும் சம்பளத்தையும் விடாமல் படிக்க முடிந்தது என்பது இதன் வலிமை; ஈராண்டுக்குப் பதில் மூன்றாண்டு ஆயிற்று என்பது அதற்குக் கொடுத்த விலை.

நுழைவு விதிகளில் தலைமுறைகளின் வரலாறு படிந்திருக்கிறது. பழைய பாடத்திட்டத்தில் ஆண் செவிலியர் பேறுகால உதவி கற்கவில்லை. அவர்கள் அதற்கு மாற்றாக அறுவை அரங்கம், கண், தொழுநோய், காசநோய், மனநலம் போன்ற ஒரு துறையில் ஆறு முதல் ஒன்பது மாதப் பயிற்சி பெற்றிருந்தால் போஸ்ட் பேசிக் படிப்பில் சேரலாம் என்று இந்தியச் செவிலியர் மன்றம் விதித்தது. 1986க்கு முன் பதினோராண்டுப் பள்ளிக் கல்வி முடித்தவர்களையும் அது தகுதியுடையோராக ஏற்றது. துணைச் செவிலியரும் உரிய பதிவுடன் பட்டயப் படிப்பில் சேரலாம் என்பதால், ஏட்டளவில் அடிப்படியிலிருந்து உச்சிவரை வழி இருக்கிறது. ஆனால் துணைச் செவிலியம் இரண்டாண்டு, பட்டயம் மூன்றாண்டு, பட்டம் இரண்டாண்டு எனக் கூட்டினால், நேரே செல்பவர் நான்காண்டில் அடையும் இடத்துக்குக் கீழிருந்து வருபவர் ஏழாண்டு படிக்க வேண்டியிருக்கிறது. முன்பு கற்ற பாடங்களுக்கும் கழித்த வார்டுப் பணிக்கும் நேரடியாக மதிப்பலகு தரும் முறை இல்லாததே இதற்குக் காரணம்.

அடிப்படியையும் எட்டாதவர்களின் நிலை தனியே கூறத்தக்கது. தமிழகத்தில் சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து 1990களின் நடுவில் வேர்கொண்டது. 1996இல் சென்னை சமுதாயக் கல்லூரி தொடங்கியது, இயேசு சபைக் குருவான சேவியர் அல்போன்ஸ் இக்கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் பல சமுதாயக் கல்லூரிகளை ஏற்று, உடல்நல உதவியாளர், நர்சிங் உதவியாளர் போன்ற தொழிற் பட்டயங்களை வழங்கியது. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இவை வேலை தந்தன; மதுரையின் சிறு மருத்துவமனைகளில் வெள்ளுடையுடன் பணிபுரியும் பெண்களில் இத்தகைய பயிற்சி பெற்றோரும் உண்டு. ஆனால் செவிலியர் மன்றப் பதிவு இப்பட்டயங்களுக்குக் கிடையாது. அப்பயிற்சியின் ஒரு நாளும் ஜி.என்.எம். படிப்பில் கழித்துக்கொள்ளப்படாது. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து ஈராண்டு பயிற்றுவித்துக் கண் மருத்துவத்தின் முதுகெலும்பாக ஆக்கியது உலகம் அறிந்த முன்மாதிரி. அங்கும் அப்பயிற்சி அந்தத் துறைக்கு உரியதேயன்றிப் பொதுச் செவிலியப் பட்டத்துக்கு இட்டுச் செல்வதன்று.

சமுதாயக் கல்லூரி என்னும் சொல் எங்கிருந்து வந்ததோ அந்த அமெரிக்காவின் அனுபவம் இங்கு ஒப்பிடத் தகுந்தது. மில்ட்ரெட் மான்டேக் 1951இல் முன்வைத்த திட்டத்தின்படி, 1952 முதல் அங்கே சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுச் செவிலியப் படிப்பு தொடங்கியது. அதை முடித்தவர் தேர்வெழுதிப் பதிவுபெற்ற செவிலியராகவே ஆகலாம். அவர்கள் பின்னர் பல்கலைக்கழகத்தில் சேரும்போது முன்பு கற்றவை பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 2010இல் அந்நாட்டு மருத்துவக் கழகம், 2020க்குள் செவிலியரில் 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2017இல் நியூயார்க் மாநிலம், புதிதாகப் பதிவு பெறுவோர் பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இதற்குப் பின்னணியில் ஆய்வுகள் இருந்தன. லிண்டா எய்க்கனும் உடனாய்வாளர்களும் 2003இல் பென்சில்வேனிய மருத்துவமனைகளை ஆராய்ந்து, பட்டதாரிச் செவிலியரின் விகிதம் 10 விழுக்காடு கூடும்போது அறுவை நோயாளிகளின் இறப்பு வாய்ப்பு 5 விழுக்காடு குறைவதைக் கண்டனர். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில் அக்குறைவு 7 விழுக்காடாக இருந்தது. பட்டம் என்பது செவிலியரின் தனிப்பட்ட உயர்வு மட்டுமாக இல்லாமல், நோயாளியின் உயிரோடும் தொடர்புடையது என்பது அங்கே கொள்கையை இயக்கிய வாதம்.

தமிழகத்தில் அத்தகைய இயக்குவிசை தோன்றாததற்கு வேலைச்சந்தையின் அமைப்பும் ஒரு காரணம். அரசு மருத்துவமனைச் செவிலியர் பணிக்குப் பட்டயமும் பட்டமும் ஒருசேரத் தகுதியாக ஏற்கப்படுகின்றன. இரு வகையினரும் ஒரே பதவியில், ஒரே ஊதிய நிலையில் நுழைகின்றனர். எனவே ஈராண்டு படித்துத் திரும்பும் செவிலியர், பெரும்பாலும் விட்டுச் சென்ற அதே வார்டுக்கு, அதே பதவிக்குத் திரும்புகிறார். பட்டத்தின் பயன் வேறிடங்களில் தெரிகிறது: எய்ம்ஸ் மருத்துவமனைகளின் பொதுத் தேர்வில் பட்டயம் பெற்றவருக்கு 50 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் கேட்கப்பட, பட்டதாரிக்கு அந்த நிபந்தனை இல்லை, முதுகலைப் பட்டத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் இளங்கலைப் பட்டமே வாசல். ஆகவே கட்டிலருகே பணியைத் தொடர விரும்புபவருக்குப் பட்டம் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. கட்டிலை விட்டு நீங்கிக் கற்பிக்கவோ வெளியேறவோ விரும்புபவருக்கே அது முழுப் பயன் தருகிறது.

பட்டயப் படிப்பையே நிறுத்திப் பட்டத்தைத் தொடக்கத் தகுதியாக்கும் முன்மொழிவு 2010களின் இறுதியில் மீண்டும் எழுந்தும் பட்டயம் நிற்கவில்லை. 2021இல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு எட்டுப் பருவங்களும் மதிப்பலகு முறையும் கொண்டதாக மாற்றப்பட்டது. கற்ற பாடத்தை அலகுகளாக அளந்து பதிவு செய்யும் இம்முறை, பட்டயத்தில் கற்றதையும் அவ்வாறே அளக்கும் வாய்ப்பைக் கோட்பாட்டளவில் திறக்கிறது. 2023இல் இயற்றப்பட்ட தேசியச் செவிலியர் மற்றும் பேறுகால உதவி ஆணையச் சட்டம், 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்துள்ளது. முக்கால் நூற்றாண்டாகத் தரங்களை வகுத்த அமைப்பின் இடத்தில் புதிய அமைப்பு வரும் இவ்வேளை, தரங்களுக்கிடையிலான வழியையும் வகுப்பதற்கு உரிய வேளையாகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுதான். தமிழகத்தில் செவிலியருக்கு ஏணி இல்லை என்று கூற இயலாது. 1963இல் அண்டை மாநிலத்தில் தோன்றிய அது இங்கும் வந்தது, மதுரையிலும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க அவசரமாகச் சாத்திவைத்த ஏணியாகையால், ஏறுபவர் முன்பு கடந்த தொலைவை அது கணக்கில் கொள்வதில்லை. வசதியுள்ள குடும்பத்துப் பெண் நான்காண்டில் பெறும் பட்டத்துக்கு, உடனே சம்பாதிக்க வேண்டியிருந்ததால் பட்டயத்தைத் தேர்ந்த பெண் ஐந்தாண்டும் ஆறாண்டும் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் ஆண்டுகள் அவருடைய அறியாமைக்கு விதித்த காலம் அல்ல, அவருடைய வறுமைக்கு விதித்த வரி. அந்த வரியை நீக்கும் பொறுப்பு இனி ஆணையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியது.